புகார்தாரர் வாங்கிய பேட்டரி

மனிதனுக்கு இரண்டு காதுகள் இருப்பதே ஒன்றில் வாங்கி இன்னொன்றில் விடத்தான் என்பார்கள். அந்த வசதி எல்லாருக்கும் அமைவதில்லை. பிழை சாருக்கு அமையவில்லை. அவருடைய இரண்டு காதும் வாங்கும், இரண்டும் விடாது.

அவர் மெய்ப்புத் திருத்துகிறவர். அச்சகங்களிலிருந்து வரும் பக்கங்களை வீட்டு முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்து படிப்பார். விழுந்து கிடக்கும் எழுத்தைத் தூக்கி நிறுத்துவார். அழைக்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் ஒற்றெழுத்தைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார். வேலை முடிந்த பிறகும் கை சும்மா இருக்காது. கடைப் பலகை, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதைக் கண்டாலும் திருத்துவார். ஒரு தடவை சுவரில் ஒட்டியிருந்த இரங்கல் செய்தியைப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தபோது செத்தவரின் மகன் வந்து சட்டையைப் பிடித்துவிட்டான். அன்றிலிருந்து தெருவில் அவருக்குப் பிழை சார் என்று பெயர். சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்துவிட்டதாகக் கேள்வி.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. ஒழுங்காகச் செய்தால் செய்ததே யாருக்கும் தெரியாது. கோட்டை விட்டால்தான் ஆள் அகப்படுவான். ஆகவே பிழை சாரை யாரும் எந்த விஷயத்திலும் யோசனை கேட்டதில்லை. உள்ளறையில் தையல் மெஷின் மிதிக்கும் அவர் மனைவியிடமாவது ரவிக்கைக்கு என்ன கழுத்து வைக்கலாம் என்று நாலு பேர் கேட்பார்கள். இவரிடம் மணி என்ன என்றுகூடக் கேட்டதில்லை.

எதிர் வீட்டில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற இளைஞன் ஒருவன் இருந்தான். நல்ல பிள்ளை. பிழை சாரை அங்கிள் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவான். அந்த உறவுக் கணக்கு பிழை சாருக்கு உதைக்கும். அவர் மனைவிக்கு உதைத்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சமயம் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரு புது ஞானம் பிறந்திருந்தது. வண்டி என்பது போவதற்கு அல்ல, வருவது தெரிவதற்கு. பக்கத்துக்கு ஒரு ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், பின்னால் பெட்டியில் வயிற்றைக் கலக்கும் பேஸ். இது இல்லாத வண்டிக்குப் பிண வண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். எதிர் வீட்டு இளைஞன் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தான். கூட வேலை செய்கிறவர்கள் அவன் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, தலையைக் குனிந்து மௌன அஞ்சலி செலுத்த ஆரம்பித்ததும் அவனும் மாட்டிக்கொண்டான். அன்றிலிருந்து அவனுக்கும் தெருவில் ஒரு பெயர் வந்தது. டும்டும்.

காலையில் டும்டும் வேலைக்குப் புறப்படும்போதும், சாயங்காலம் திரும்பும்போதும், மத்தியானம் சாப்பிட வரும்போதும் பிழை சாரின் மேசை நடுங்கும். மேசை நடுங்கினால் பேனா துள்ளும். பேனா துள்ளினால் எழுத்து தப்பும். அப்படித் தப்பியதுதான் அந்த வரி. ‘விவசாயிகளுக்காக அரசாணை வெளியிடப்பட்டது’ என்று இருக்க வேண்டியது, ‘அரசானை வெளியிடப்பட்டது’ என்று ஆயிரக்கணக்கான பிரதிகளில் அச்சாகிப் போனது. யானைக்குப் பயந்து ஒரு ஊரில் வயலுக்கே போகாமல் இருந்தார்களாம். அச்சகக்காரர் போனில் பேசியதைக் கேட்டபோது, டும்டும் அந்த நேரம் பார்த்து வந்து பாட்டுப் போடக் கூடாதா என்று பிழை சாருக்கு இருந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அச்சகக்காரர் சொல்லிவிட்டார்.

தெருவில் விசாரித்தார். எல்லாரும் அவதிப்படுவதாகத்தான் சொன்னார்கள். மூலை வீட்டு மளிகைக்காரருக்கு நெஞ்சு படபடக்கிறதாம். மாடி வீட்டு டியூஷன் டீச்சருக்குத் தலைவலியாம். பல் டாக்டர் சொன்னதுதான் பயங்கரம்: வாய்க்குள் கருவியை வைத்திருக்கும் நேரம் பார்த்து டும்டும் வருகிறானாம். ஆனால் புகாரில் கையெழுத்து என்றதும் ஒருவருக்குக் கை சுளுக்கு, ஒருவருக்கு மாமியார் ஊரில் இல்லை, ஒருவருக்கு இன்னும் தலைவலி. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று பழமொழி. இங்கே பூனையே மணி அடித்துக்கொண்டு போகிறது. கழற்றத்தான் ஆள் இல்லை.

கடைசியில் பிழை சாரே ஒண்டியாகப் புகார் எழுதினார். ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லாத புகார். ஒலிக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அதை வாங்கிய ஊழியருக்கு முதலில் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு சுத்தமாக எழுதுகிற ஆளுக்கு உண்மையிலேயே கஷ்டம் இருக்குமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அரை மனதோடு முத்திரை குத்தினார்.

புகார் கொடுத்த மறுநாள் டும்டும்மின் பேட்டரி செத்தது.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வண்டியைக் கிளப்பவும் விளக்கு எரியவும் கொடுத்த சின்னப் பேட்டரி அது. அதன் தலையில் ஒரு கச்சேரியையே ஏற்றினால் எத்தனை நாள் தாங்கும்? உப்பிப் போய், ஓரத்தில் வெள்ளை பூத்து, மூச்சை விட்டது. டும்டும் அலட்டிக்கொள்ளவில்லை. காலால் உதைத்து வண்டியைக் கிளப்பினான், சத்தமில்லாமல் போனான், சத்தமில்லாமல் வந்தான். தெருவில் அப்படி ஓர் அமைதி. பிழை சாரின் மேசையில் வேலை மளமளவென்று நடந்தது.

அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு ஒரு கடிதம் வந்தது. ‘மேற்படி புகார் தொடர்பாக நேரடி ஆய்வு நடைபெற உள்ளது. புகாரில் கண்ட இரைச்சலைப் புகார்தாரர் ஆய்வின்போது தவறாது ஆஜர்படுத்த வேண்டும்.’

இரைச்சலை ஆஜர்படுத்துவது எப்படி என்று பிழை சாருக்கு விளங்கவில்லை. புகாரைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நேராக அலுவலகத்துக்குப் போனார்.

ஒலிக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. கட்டடத்துக்கே மின்சாரம் கொடுக்கும் ஜெனரேட்டர் அதன் ஜன்னலுக்கு வெளியே நின்று அலறிக்கொண்டிருந்தது. அங்கே பத்து வருஷம் வேலை பார்த்தவர்கள் கத்திப் பேசுவார்கள். இருபது வருஷம் பார்த்தவர்கள் சைகையில் பேசுவார்கள். ஆய்வு அதிகாரி அதற்கும் மேலே சர்வீஸ் போட்டவர். அவர் அநேகமாகப் பேசுவதே இல்லை, எழுதுவார்.

பிழை சார் சத்தம் நின்றுபோன விஷயத்தை இரண்டு மூன்று தடவை கத்திச் சொன்ன பிறகு, அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

“சத்தம் நின்னுடுச்சுன்னா, சத்தம் இருந்துச்சுன்னு நான் எப்படி நம்பறது?”

“அதைத்தான் புகார்ல எழுதியிருக்கேனே சார்.”

“எழுதினது நீங்க. கேக்க வேண்டியது நான்.”

பிழை சார் புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். அதிகாரிக்கு முகம் மாறிவிட்டது. வாபஸ் வாங்கினால் இரண்டில் ஒன்றுதான் அர்த்தம் என்று விளக்கினார். ஒன்று, யாரோ மிரட்டியிருக்கிறார்கள், அது குற்றம். அல்லது, சத்தமே இருந்ததில்லை. அது பொய்ப் புகார், அதுவும் குற்றம்.

“பொய்ப் புகாருக்கு மேல் மாடியில தனிப் பிரிவே இருக்கு. அவங்களுக்கு ரொம்ப நாளா கேஸ் எதுவும் வரல. ஆவலா இருக்காங்க” என்றார்.

பிழை சார் மேலே பார்த்தார். கூரைக்கு மேலே யாரோ ஆவலாக நடப்பது போலத்தான் இருந்தது. பேட்டரி செத்துப்போனால் சத்தத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்டார். அதற்கும் விதி இருந்தது. புகாரை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது. ஆகவே பேட்டரி வாங்கும் பொறுப்பும் அவருடையதே.

அன்று சாயங்காலம் பிழை சார் எதிர் வீட்டுக்குப் போனார். டும்டும் வாசலில் உட்கார்ந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வண்டியில் மறுபடி பாட்டுப் போட வேண்டும் என்று இவர் சொன்னதும் அவன் தேய்ப்பதை நிறுத்தினான்.

“வேணாம் அங்கிள். எனக்கே இப்பத்தான் நிம்மதியா இருக்கு. கஸ்டமர் போன்ல பேசறது கேக்குது. எல்லாரும் மாட்டினாங்கன்னு மாட்டினேன். அந்தப் பாட்டெல்லாம் எனக்குப் பிடிக்கக்கூடப் பிடிக்காது.”

இந்த வாக்கியத்தைக் கேட்பதற்காகப் பிழை சார் எத்தனை காலம் ஏங்கியிருக்கிறார்! இப்போது அதைக் கேட்டு வருத்தப்படும்படி ஆகிவிட்டது.

“ஒரே ஒரு தடவைப்பா. கொஞ்சம் பலமா. என் செலவு” என்று கெஞ்சினார்.

டும்டும் அவரை இரக்கத்தோடு பார்த்தான். “அக்காவுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டான்.

அக்காவுக்குத் தெரிந்தபோது அவள் மெஷினை நிறுத்தாமலே பேசினாள். காசு கொடுத்துத் தேளை வாங்கிக் கடிக்க விட்டுக்கொள்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாளாம். ஆனாலும், மூக்குக்கண்ணாடி மாற்றுவதற்காக எடுத்து வைத்திருந்த பணத்தை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். மேல் மாடிக்காரர்களைப் பற்றி அவளும் கேள்விப்பட்டிருந்தாள்.

பேட்டரிக் கடை என்றால் எண்ணெய்க் கறையும் அமில வாடையுமாக இருக்கும் என்று பிழை சார் நினைத்திருந்தார். இது நகைக்கடை மாதிரி இருந்தது. நீல விளக்கு, கண்ணாடி அலமாரி. ஒவ்வொரு பேட்டரியும் தனித்தனி வெல்வெட் துணியில் உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் கடைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

“வண்டி ஓடணுமா, அதிரணுமா?” என்று கேட்டார்.

“ரெண்டும்” என்றார் பிழை சார்.

“ரெண்டும் வேணும்னா ரெண்டு வண்டி வாங்கணும்.”

பிறகு பாடம் எடுத்தார். வண்டியைக் கிளப்புகிற பேட்டரி அவசரக்காரன். ஒரு உதை கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவான். பாட்டுப் பாடுகிற பேட்டரி உட்கார்ந்து நிதானமாகப் பரிமாறுகிறவன். முன்னவனிடம் பின்னவன் வேலையைக் கொடுத்தால் செத்துப்போவான். பின்னவனை வாங்கினால் வண்டியின் பேட்டரிப் பெட்டிக்குள் அடங்க மாட்டான். அடங்கினாலும், வண்டிக்குள் சார்ஜ் ஏற்றும் கம்பிச்சுருள் போடுகிற சோறு அவனுக்கு மூக்குப்பொடிக்குச் சமம். இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆனால் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, பெயரைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்றார். பெயர்களும் அப்படித்தான் இருந்தன. இடி, சூறாவளி, பூகம்பம். பேட்டரி கேட்டு வந்தால் பேரிடரைத்தான் காட்டினார்கள்.

பிழை சாருக்கு ஆம்பியர் தெரியாது. ஆனால் எழுத்து தெரியும். ஒவ்வொரு பேட்டரியோடும் வந்த விளக்கச் சீட்டை வாங்கிப் படித்தார். கையிலிருந்த பேனா தானாக வேலை செய்தது. ‘அதிற்வு’, ‘சக்த்தி’, ‘ஒருவருட்ட உத்திரவாதம்’. ஒரே ஒரு சீட்டு மட்டும் மாசு மருவில்லாமல் இருந்தது. அந்தப் பேட்டரிக்குப் பெயர்கூட இல்லை, எண் மட்டும்தான். இவ்வளவு ஒழுங்காக எழுதியவன் பேட்டரியையும் ஒழுங்காகத்தான் செய்திருப்பான் என்று முடிவுகட்டி அதையே வாங்கினார். கடைக்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஆய்வு நாளில் அதிகாரி ஒலி அளக்கும் கருவியோடு வந்தார். தோல் பெட்டியைத் திறந்து கருவியை மரியாதையாக எடுத்து, அதன் பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். அதில் பேட்டரி இல்லை. கேட்டு எழுதியிருக்கிறார்களாம், வந்துவிடுமாம். அதுவரைக்கும் ஒரு சுற்றறிக்கை இருந்தது: கருவி இயங்காத நிலையில் ஆய்வு அதிகாரியின் செவியே கருவியாகக் கருதப்படும்.

டும்டும் பாட்டைப் போட்டான். மேசை நடுங்கியது. பிழை சார் வெற்றியோடு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வண்டிக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

“எப்ப ஆரம்பிப்பீங்க?” என்றார்.

ஆரம்பித்தாகிவிட்டது என்று தெரிவிக்கப் பிழை சார் சைகை காட்ட வேண்டியிருந்தது. அதிகாரி ஸ்பீக்கரில் காதை வைத்தார். மறு காதையும் வைத்தார். குறிப்பேட்டில், ‘இரைச்சல் ஆஜராகவில்லை’ என்று எழுதிவிட்டு, இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொன்னார். அவர் நல்ல மனிதர். மேல் மாடிக்கு அனுப்ப அவருக்கே மனமில்லை.

மறுபடி கடை. இந்தத் தடவை பிழை சாருக்கு ஒரு சூத்திரம் பிடிபட்டிருந்தது: சீட்டில் பிழை குறைந்தால் சத்தமும் குறையும். ஆகவே கொஞ்சம் பிழையுள்ளதாக ‘இடி’யை எடுத்தார். அது பெட்டிக்குள் அடங்கவில்லை. வண்டியின் இருக்கைக்குப் பின்னால் கட்டினார்கள். அன்றைய ஆய்வில் அதிகாரிக்குக் கேட்டது. கேட்டதோடு நிற்காமல் கால் தாளம் போட ஆரம்பித்தது. பாட்டு முடிந்ததும் இன்னொன்று போடச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு, தனக்கு நன்றாக இருந்த ஒன்றை இரைச்சல் என்று எழுத மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றார். அரசாங்கத்தின் மனசாட்சி எப்போது விழிக்கும் என்று யாருக்குத்தான் தெரியும்? நான்கு பேர் கெஞ்சும்போது தூங்கும். ஒருவன் கெஞ்சும்போது விழித்துக்கொள்ளும்.

கடைசி வாய்ப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது தடவை பிழை சார் கடைக்குள் நுழைந்த தோரணையே வேறு. அலமாரியைப் பார்க்கவில்லை. எல்லாச் சீட்டையும் கொண்டுவரச் சொல்லி, உட்கார்ந்து படித்தார். ஒன்றைக் கையில் எடுத்ததும் அவர் கண் பளபளத்தது. வரிக்கு வரி பிழை. ஒருமையில் ஆரம்பித்துப் பன்மையில் முடிந்தது. கடைசி வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லை. பேட்டரியின் பெயரைக்கூட ‘பூகம்ம்பம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அது மோட்டார் சைக்கிள் பேட்டரியே அல்ல, லாரிக்குப் போடுவது.

“இதுதான்” என்றார் பிழை சார். கடைக்காரர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

பூகம்பத்தை வைக்கப் பின்சீட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. வைத்த பிறகு டயர் தரையோடு ஒட்டிக்கொண்டது. வண்டி இனி நகராது; அதிரும். விஷயம் கேள்விப்பட்டு டும்டும்மோடு வேலை செய்கிறவர்கள் தங்கள் ஸ்பீக்கர்களையும் பேஸ் பெட்டிகளையும் கொண்டுவந்து இணைத்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அவன் உயிர்த்தெழுந்திருந்தான். தெருவே கூடிவிட்டது. கையெழுத்துப் போட வராத மளிகைக்காரர் நாற்காலியோடு வந்தார். டீச்சர் மாடியிலிருந்து பார்த்தார். பல் டாக்டர் நோயாளியையும் கூட்டிவந்துவிட்டார். அவர் வாயில் பஞ்சு இன்னும் இருந்தது.

அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாட்டு ஆரம்பித்தது.

கொடியில் காய்ந்த துணி உதிர்ந்தது. ஜன்னல் கதவுகள் தாமாகத் திறந்து தாமாக மூடின. பிழை சார் அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இன்னும் வேதனை தெரியவில்லை.

“இன்னும்!” என்று டும்டும்மைப் பார்த்துக் கத்தினார். அவன் திருகினான். “இன்னும்!”

அப்போது அவருக்குள் ஏதோ ஆகிவிட்டது. அந்த டும் வயிற்றிலிருந்து கிளம்பி மார்பில் ஏறி மண்டையில் இறங்கியது. ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்தது. வாழ்நாள் முழுக்க ஓரக் குறிப்பாகவே இருந்த மனிதர், முதல் தடவையாகத் தலைப்பு ஆனார். தலையை ஆட்டினாரா, சத்தம் ஆட்டியதா என்று சொல்ல முடியாது, ஆனால் ஆடியது. அந்தச் சமயத்தில் பல் டாக்டர் வீட்டு ஜன்னல் கண்ணாடி முழுசாக வந்து தெருவில் விழுந்தது. விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

அதிகாரி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. ‘இரைச்சல்தான்.’

பாட்டு நின்றது. பிழை சார் டும்டும்மைக் கட்டிக்கொண்டார். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூகம்பத்தின் மேலேயே தாளை வைத்து உத்தரவு எழுத ஆரம்பித்தார். இரைச்சலுக்குப் பொறுப்பாளி யார் என்ற இடத்தில் பேனா நின்றது. வண்டி யாருடையது என்று கேட்டார், டும்டும்முடையது. ஸ்பீக்கர் பலருடையது. ஆனால் இவை எல்லாம் மின்சாரம் வரும்வரை சும்மா கிடந்த பொருள்கள் என்று அதிகாரி சட்டத்தை விளக்கினார். சும்மா கிடப்பது குற்றமாகாது. ஆகும் என்றால் அவருடைய அலுவலகமே தப்பாது. சத்தத்துக்கு மூலம் பேட்டரி. பேட்டரியின் ரசீது யார் பெயரில் இருக்கிறது?

ரசீது பிழை சார் பெயரில் இருந்தது.

அவருடைய சொந்தப் பெயரைத் தெரு அன்றுதான் தெரிந்துகொண்டது. அதிகாரி அதைக் குற்றவாளி என்ற சொல்லுக்கு எதிரே எழுதினார். குற்றத்தின் பெயரையும் எழுதினார். பிழை சார் எட்டிப் பார்த்தார். ‘ஒளி மாசு’ என்று இருந்தது.

பக்கத்தில் நின்ற மனைவியும் பார்த்துவிட்டாள். அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள்.

“வாயை மூடிக்கிட்டு இருங்க. ஒளின்னா வெளிச்சம். அது வேற ஆபீஸ். அவங்க வந்து பாத்து, இந்த வீட்டுல வெளிச்சமே இல்லைன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க.”

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். பிழை சார் உதட்டைக் கடித்துக்கொண்டார். வானத்தைப் பார்த்தார். அதிகாரி தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். முத்திரையை ஊதி ஈரப்படுத்தினார். அந்த எழுத்து தாளிலிருந்து பிழை சாரையே முறைத்துக்கொண்டிருந்தது. முத்திரை இறங்குவதற்குச் சற்று முன்னால் அவரால் தாங்க முடியவில்லை.

“சார், பள்ளிக்கு வர்ற ‘ளி’ போட்டிருக்கீங்க. புலிக்கு வர்ற ‘லி’ வரணும்.”

அதிகாரி நன்றி சொல்லி, திருத்தி, முத்திரை குத்திக் கொடுத்தார். பிழை சாரின் மனைவி வீட்டுக்குள் போய் மெஷினை மிதித்தாள். அன்றைக்கு அவள் மிதித்த மிதியில் ஊசி உடைந்தது.

உத்தரவில் அபராதம் இருந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. வழக்கு முடியும்வரை பேட்டரி சான்றுப்பொருள். அதைக் குற்றவாளி தம் வீட்டிலேயே உயிரோடு வைத்துப் பராமரிக்க வேண்டும். கெட்டுப்போனால் அது தனிக் குற்றம். பிழை சார் கடைக்காரரிடம் ஓடினார். சும்மா வைத்தால் பேட்டரி செத்துவிடும், வேலை கொடுத்து வேலை கொடுத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்று அவர் சொன்னார். என்ன வேலை கொடுப்பது? அதற்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.

ஆகவே காலையும் மாலையும் பிழை சார் வீட்டு வாசலில் அரசு உத்தரவுப்படி இரைச்சல் நடந்தது. டும்டும் தன் ஸ்பீக்கர்களை அவருக்கே கொடுத்துவிட்டான். கொடுத்ததோடு, வேறு தெருவுக்கு வீடும் மாற்றிக்கொண்டு போய்விட்டான். போகும்போது, “உடம்பைப் பாத்துக்கங்க அங்கிள்” என்றான். என்ன சொன்னான் என்று அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

தெரு கொதித்தெழும் என்று அவர் பயந்தார். நடந்தது வேறு. முத்திரை குத்திய சத்தம் அந்தத் தெருவில் அதுவரைக்கும் யார் வீட்டிலும் இருந்ததில்லை. மற்றவர்கள் போடுவது வெறும் சத்தம். பிழை சார் வீட்டில் நடப்பது அதிகாரபூர்வமான சத்தம். முதலில் மளிகைக்காரர் வந்தார். வாசலில் தயங்கித் தயங்கி நின்றுவிட்டு, கடைக்குக் கூட்டம் சேர்க்க எந்தப் பேட்டரி நல்லது என்று கேட்டார். பிழை சாருக்கு உடம்பு சிலிர்த்தது. அவரை ஒருவர் யோசனை கேட்கிறார்! நாற்காலி போட்டார். தேநீர் கொண்டுவரச் சொன்னார். சீட்டைப் படித்துப் பிழையை எண்ணும் சாஸ்திரத்தை ஆதியோடந்தமாக விளக்கினார். அடுத்து டீச்சர் வந்தார். பிள்ளைகள் கவனமாகப் படிக்க நல்ல பேஸ் வேண்டும் என்றார். நோயாளிகள் அலறுவது வெளியே கேட்காமல் இருந்தால் தொழிலுக்கு நல்லது என்று பல் டாக்டருக்கும் தோன்றியிருந்தது. மோட்டார் சைக்கிளே இல்லாத வீட்டுக்காரர்கள்கூட மோட்டார் சைக்கிள் பேட்டரிக்கு யோசனை கேட்டு வந்தார்கள். பிழை சார் யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அச்சகத்துப் பக்கங்கள் மேசையில் தூசி படிந்து கிடந்தன. அவருக்கு நேரமில்லை.

கொஞ்ச காலத்தில் தெருவில் எல்லாருக்கும் காது மந்தமாகிவிட்டது. எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள். நெஞ்சுப் படபடப்பைப் பற்றியோ தலைவலியைப் பற்றியோ யாரும் பேசவில்லை. பேசினாலும் யாருக்கும் கேட்கவில்லை. ஒலிக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வருஷக் கணக்கு எடுத்தபோது, இந்தத் தெருவிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை என்று தெரிந்தது. புகார் இல்லையென்றால் சத்தம் இல்லை. சத்தம் இல்லையென்றால் அமைதி. மேலிடத்துக்கு எழுதினார்கள், மேலிடம் மகிழ்ந்தது. தெருவை முன்மாதிரி அமைதித் தெருவாக அறிவித்து, பிழை சார் மீதிருந்த வழக்கையும் பெருந்தன்மையோடு கைவிட்டார்கள்.

அறிவிப்பு விழாவுக்குத் தெருமுனையில் மேடை போட்டார்கள். அதிகாரி பதவி உயர்வோடு வந்திருந்தார். ஒலிபெருக்கி ஏற்பாட்டை மட்டும் வேறு யாரிடமும் விடவில்லை. பிழை சாரிடம்தான் கேட்டார்கள். அவர் மேடைக்கு அடியில் பேட்டரிகளை வரிசையாக அடுக்கி, தாமே இணைத்து, தாமே திருகிவிட்டார்.

அதிகாரி அமைதியின் மேன்மையைப் பற்றி விரிவாகப் பேசியதாகத் தெரிகிறது. அவர் உதடு அசைந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பேச்சு முடிந்ததும் மொத்தத் தெருவும் எழுந்து நின்று கை தட்டியது. தட்டுகிற சத்தம் தங்களுக்கே கேட்காததால், இன்னும் பலமாகத் தட்டினார்கள்.